கார்ட்லெஸ் தோற்கவில்லை

வீட்டுக்குள் பேசும் கார்ட்லெஸ் போனையும் ஊரெங்கும் பேசும் செல்போனையும் ஒன்றாக இணைக்கும் முயற்சி 1980களின் கடைசியில் தொடங்கியது. அது தோற்றுப்போன முயற்சி என்பதுதான் தொலைத்தொடர்பு பற்றி எழுதுபவர்களிடம் இன்று நிலைபெற்றுவிட்ட கருத்து. பிரிட்டனின் டெலிபாயின்ட் சேவையை மூடிவிட்டார்கள். ஜப்பானின் பிஎச்எஸ் நின்றுவிட்டது. பிரிட்டிஷ் டெலிகாம் கொண்டுவந்த இரட்டைப் போன்களைச் சீந்துவாரில்லை. செல்போன் மலிவானதும் கார்ட்லெஸ் போன் பரணுக்குப் போயிற்று, அதோடு சேர்ந்து இரண்டையும் இணைக்கும் தேவையும் போயிற்று என்று அந்த வாதம் முடிகிறது. அதில் சொல்லப்படும் சம்பவங்கள் நடந்தவைதாம். அவற்றிலிருந்து பெறும் முடிவுதான் தவறு. மூடப்பட்டவை சில நிறுவனங்களின் சேவைகள் மட்டுமே. இணைப்பு நடந்தேறிவிட்டது. வேறு பெயரில் நடந்ததால் பலர் கண்ணில் படவில்லை.

இரண்டு தொழில்நுட்பங்களும் எங்கே பிரிகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். கார்ட்லெஸ் போனின் பேஸ், வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கிய பெட்டி. ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருக்கும் தொலைபேசிக் கம்பியில் அதைச் செருகினால் போதும். அலைக்கற்றைக்கு அவர் உரிமம் எடுப்பதில்லை. எந்த அலைவரிசையில் பேசலாம் என்று யாரும் அவருக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதும் இல்லை. செல்போன் கோபுரமோ நிறுவனத்துடையது. உரிமம் பெற்ற அலைக்கற்றை, பொறியாளர்கள் வரைந்த அலைவரிசைத் திட்டம், நகரும் வண்டியிலிருந்து வரும் அழைப்பைக் கோபுரம் விட்டுக் கோபுரம் கைமாற்றும் இயந்திரங்கள், மாதக் கடைசியில் வரும் பில் எல்லாம் அதன் பின்னால் உண்டு. ஆக, பிரிவினை ரேடியோவில் தொடங்கினாலும் அதன் வேர் உடைமையில் இருக்கிறது. பேஸ் யாருடையது, கம்பி யாருடையது, பணம் யாருக்குப் போகிறது என்பவையே அடிப்படைக் கேள்விகள். இந்த முப்பது ஆண்டு வரலாற்றில் விழுந்த ஒவ்வொரு சேவையும் இந்தக் கேள்விகளில் தடுக்கித்தான் விழுந்தது.

கார்ட்லெஸ் தரத்தில் தாழ்ந்தது, செல்போன் உயர்ந்தது என்ற எண்ணம் முதல் கணக்கிலேயே உடைகிறது. ஐரோப்பாவின் டெக்ட் தரநிலை 1992-இல் வந்தது. அதில் பேச்சு நொடிக்கு 32 கிலோபிட் வேகத்தில் செல்லும். காதுக்கு அது லேண்ட்லைனுக்கு நிகர். 1991-இல் பின்லாந்தில் முதல் அழைப்பைக் கண்ட ஜிஎஸ்எம், அதே பேச்சை 13 கிலோபிட்டுக்குள் நெரித்து அனுப்பியது. 900 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய ஜிஎஸ்எம் கைப்பேசியின் உச்சத் திறன் 2 வாட். டெக்ட் கைப்பேசிக்கு உச்சம் கால் வாட், சராசரி 10 மில்லிவாட்டே. குறைந்த மின்சாரத்தில் தெளிவான குரலைக் கொடுத்தது எது என்பதில் ஐயமில்லை. நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு மட்டும் டெக்ட் உதவாது. 35 கிலோமீட்டர் வரை எட்டும் ஜிஎஸ்எம் கோபுரத்தின் வேலையை, சில நூறு மீட்டர் எட்டும் பேஸிடம் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. இரண்டும் வெவ்வேறு நிலத்துக்கு உண்டானவை என்பதால்தான் இணைக்கும் யோசனையே பிறந்தது. ஐரோப்பாவில் மூன்றாம் தலைமுறைக்கான ஆய்வு தொடங்கியபோது செல்லுலார், கார்ட்லெஸ், பேஜர் அனைத்தையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவருவதே இலக்காக இருந்தது.

டெக்ட் தரநிலையின் உண்மையான புதுமை அதிகம் பேசப்படுவதில்லை. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை பத்து அலைவரிசைகள். ஒவ்வொன்றும் 10 மில்லிநொடிக்குள் 24 நேரத்துண்டுகளாக வெட்டப்படும். பன்னிரண்டு போக, பன்னிரண்டு வர. மொத்தம் 120 இருவழிப் பாதைகள். இவற்றில் எது காலி என்று கைப்பேசியே ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். சத்தம் குறைந்த பாதையை அதுவே தேர்ந்தெடுக்கும். பேச்சின் நடுவே இடையூறு வந்தால் அதுவே வேறொன்றுக்குத் தாவும். பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு பேஸ் வந்தாலும் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அன்றைய ஜிஎஸ்எம் வலையமைப்பில் இந்த முடிவுகளை எல்லாம் மையம்தான் எடுத்தது. ஒரு கோபுரத்தைக் கூட்டினால் சுற்றுவட்டார அலைவரிசைத் திட்டத்தையே திருத்தி எழுத வேண்டியிருந்தது.

இனி, தோல்விக்குச் சான்றாகக் காட்டப்படும் சேவைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் சான்று டெலிபாயின்ட். 1989-இல் பிரிட்டிஷ் அரசு உரிமங்கள் கொடுத்தது. சிடி-2 என்ற டிஜிட்டல் கார்ட்லெஸ் கைப்பேசியை வீட்டிலும் பயன்படுத்தலாம். ரயில் நிலையம், கடைவீதி போன்ற இடங்களில் பேஸ் இருக்கும் பலகைக்கு நூறு மீட்டருக்குள் நின்றும் பேசலாம். முதலில் வந்த மூன்று சேவைகளும் ஒன்றின் கைப்பேசி மற்றொன்றின் பேஸில் வேலை செய்யாதபடி அமைந்தன. வெளியே இருக்கும்போது அழைப்பு பெற முடியாது, கொடுக்க மட்டுமே முடியும். மூன்றும் 1991-க்குள் மூடின. பொதுத் தரநிலையோடு ஹட்ச்சிசன் நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த ராபிட் சேவையும் 1993 டிசம்பரோடு நின்றது. சந்தாதாரர்கள் சுமார் பத்தாயிரம் பேர். இதைக் கார்ட்லெஸ் தொழில்நுட்பத்தின் கல்லறை என்பவர்கள், அதே சிடி-2 ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நன்றாக ஓடியதைச் சொல்வதில்லை. அங்கே மக்கள் கையில் ஏற்கெனவே பேஜர் இருந்தது. யார் அழைக்கிறார் என்று பேஜர் காட்டும். சிடி-2 போனில் திருப்பி அழைப்பார்கள். பிரிட்டனில் இல்லாமற்போனது அந்தத் துணைக்கருவியும், தொடக்கத்திலேயே ஒரு பொதுத் தரநிலையும்தான். செல்லுலார் வலையமைப்போடு இணைக்காமல் தனியாக விட்டதால் விழுந்த ஒன்றை, இணைப்பு வீண் என்பதற்குச் சான்றாகக் காட்டுவது தலைகீழ் வாதம்.

ஜப்பானின் பிஎச்எஸ் இன்னும் பெரிய கதை. 1995 ஜூலையில் டோக்கியோவிலும் சப்போரோவிலும் தொடங்கிய இந்தச் சேவை, வீட்டுக் கார்ட்லெஸ் போனைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பேஸ்கள் தொலைபேசிச் சாவடிகளின் மேலும் மின்கம்பங்களிலும் ஏறின. அவற்றைத் தொலைபேசி நிலையத்தோடு சேர்த்தவை ஏற்கெனவே புதைந்திருந்த ஐஎஸ்டிஎன் கம்பிகள். இரண்டே ஆண்டுகளில் சந்தாதாரர் எண்ணிக்கை எழுபது லட்சத்தை எட்டியது. பேட்டரி நீடித்து நின்றது, குரல் தெளிவாக இருந்தது, கட்டணம் செல்போனைவிடக் குறைவு. ஓடும் வண்டியில் அழைப்பு அறுந்தது உண்மை. ஆனால் அதன் சரிவுக்கு அது மட்டும் காரணமல்ல. 1998-இல் என்டிடி குழுமம் தன் பிஎச்எஸ் தொழிலைச் செல்போன் நிறுவனமான டோகோமோவின் கையில் கொடுத்தது. அதிகக் கட்டணம் தரும் சேவையை நடத்துகிறவர், அதற்குப் போட்டியான மலிவுச் சேவையை ஊட்டி வளர்ப்பார் என்று நம்ப ஒருவருக்கும் காரணமில்லை. செல்லுலார் தொழில் கையில் இல்லாத வில்காம் நிறுவனமோ, அதே பிஎச்எஸ் வலையமைப்பில் 2005-இல் தன் சந்தாதாரர்களுக்குள் நிலைக்கட்டண அழைப்பைக் கொண்டுவந்து மீண்டும் ஆள் சேர்த்தது. குறைந்த திறனில் இயங்குவதால் மருத்துவக் கருவிகளுக்கு இடையூறு செய்யாது என்று ஜப்பானிய மருத்துவமனைகள் பிஎச்எஸ் போன்களையே பல ஆண்டுகள் வைத்திருந்தன. பொதுமக்களுக்கான சேவை 2021 ஜனவரியில்தான் நின்றது. இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிய சேவைக்குத் தோல்வி என்று பெயர் வைத்தால், அதற்கு முன்பே நின்றுவிட்ட ஜப்பானின் இரண்டாம் தலைமுறைச் செல்போனுக்கு என்ன பெயர் வைப்பது?

சீனாவில் இதே தொழில்நுட்பம் சியாவ்லிங்டோங் என்ற பெயரில் வந்தது. சீனா டெலிகாமுக்கு அப்போது செல்போன் உரிமம் கிடையாது. கையில் இருந்ததெல்லாம் நகரங்களுக்குள் கிடந்த கம்பிகளும் தொலைபேசி நிலையங்களும்தாம். அந்தக் கம்பிகளின் நுனியில் பிஎச்எஸ் பேஸ்களைத் தொங்கவிட்டு, லேண்ட்லைன் கட்டணத்தில் நகருக்குள் நடமாடும் போனை விற்றது. 2006-இல் சந்தாதாரர் எண்ணிக்கை ஒன்பது கோடியைத் தாண்டியது. அதை முடித்துவைத்தது வாடிக்கையாளர் அல்லர். 2008-இல் சீனா டெலிகாமுக்கு முறையான செல்போன் வலையமைப்பு கிடைத்தது; அதற்கடுத்த ஆண்டே, சியாவ்லிங்டோங் இயங்கிய அலைக்கற்றையை 2011 இறுதிக்குள் காலி செய்ய அரசு உத்தரவிட்டது. காலியாகும் இடம் சீனாவின் சொந்த மூன்றாம் தலைமுறைத் தரநிலைக்கு வேண்டியிருந்தது. உரிமம் இல்லாததால் பிறந்த சேவை, உரிமம் வந்ததும் முடிந்தது. இதில் தொழில்நுட்பத்தின் தகுதி பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை.

நேரடியாக இணைக்க முனைந்தவை பிரிட்டிஷ் டெலிகாமின் இரண்டு சேவைகள். 1999-இல் வந்த ஒன்போன், டெக்ட் ரேடியோவையும் ஜிஎஸ்எம் ரேடியோவையும் ஒரே கைப்பேசிக்குள் வைத்தது. வீட்டில் லேண்ட்லைன் கட்டணம், வெளியே செல்போன் கட்டணம். 2005 ஜூனில் வந்த ஃப்யூஷன் இதைவிட நுட்பமானது. வீட்டில் புளூடூத், பிற்பாடு வைஃபை வழியாக பிராட்பேண்டில் பேச்சு போகும். வாசலைத் தாண்டினால் அழைப்பு அறுபடாமலே செல்லுலார் வலையமைப்புக்கு மாறும். யுஎம்ஏ எனப்பட்ட அந்த முறை, சிம் அட்டையை வைத்தே ஆளை அடையாளம் கண்டு, இணையத்தின் ஊடாக மறைகுறியிட்ட சுரங்கம் ஒன்றை அமைத்துச் செல்போன் நிறுவனத்தின் மையத்துக்குப் பேச்சைக் கொண்டுசேர்த்தது. செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு அதைத் தன் ஆறாம் வெளியீட்டிலேயே ஏற்றுக்கொண்டது. தொழில்நுட்பம் வேலை செய்தது. கைப்பேசி வகைகள் குறைவாக இருந்தன என்பதே வாங்கியவர்களின் பெரிய குறை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தன் செல்போன் தொழிலை 2001-இல் பிரித்து விட்டுவிட்ட பிரிட்டிஷ் டெலிகாம், ஃப்யூஷனுக்காக வோடஃபோனின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்திருந்தது. வீட்டில் பேசும் ஒவ்வொரு நிமிடமும் வோடஃபோனுக்கு வராத நிமிடம். இப்படி ஒரு கூட்டு நிலைப்பது அரிது.

இதே யுஎம்ஏ முறையை அமெரிக்காவில் டி-மொபைல் 2007-இல் எடுத்துக்கொண்டது. அதற்கு லேண்ட்லைன் தொழில் இல்லை. கட்டடங்களுக்குள் சிக்னல் பலவீனம் என்ற கெட்ட பெயர் இருந்தது. வாடிக்கையாளர் வீட்டு வைஃபை வழியே பேசினால் அதற்கு லாபமே. அந்த நிறுவனம் விடாமல் பிடித்துக்கொண்டது. 2014-இல் ஐபோனிலும் வைஃபை அழைப்பு வந்தபோது முதலில் அதைக் கொடுத்த நிறுவனங்களில் டி-மொபைலும் ஒன்று. ஒரே தொழில்நுட்பம், இரண்டு நிறுவனங்கள், இரண்டு முடிவுகள். கார்ட்லெஸ்-செல்லுலார் இணைப்பு பற்றிய விவாதத்தில் இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் வைஃபை அழைப்பைக் கொண்டுவந்தன. அன்றிலிருந்து, அடுக்குமாடி வீட்டின் உள்ளறையில் செல்போனில் பேசுகிறவர் பல நேரம் உண்மையில் கார்ட்லெஸ் போனில்தான் பேசுகிறார். அவர் காசு கொடுத்து வாங்கிய பெட்டி, அவர் வாடகை கட்டும் கம்பி, உரிமம் தேவைப்படாத அலைக்கற்றை, சில மீட்டர் தூரம். எண் மட்டும் செல்போன் எண். பேசிக்கொண்டே தெருவில் இறங்கினால் அழைப்பு 4ஜி கோபுரத்துக்கு மாறுகிறது. 1989-இல் விரும்பியதும் இதைத்தான்.

வைஃபை கணினிக்கு வந்தது, கார்ட்லெஸ் போனின் வாரிசு அல்ல, இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது கண்கட்டு வித்தை என்று ஒரு மறுப்பு எழும். வைஃபையின் பொறியியல் பரம்பரை வேறு என்பது சரியே. டெக்ட் வழி வந்ததல்ல அது. ஆனால் இங்கே கேள்வி, எந்தச் சில்லு எந்தச் சில்லிலிருந்து பிறந்தது என்பதல்ல. குறுந்தூரம், குறைந்த திறன், பயனரின் உடைமை, கம்பியின் நுனியில் ரேடியோ என்ற அமைப்பு வென்றதா, கோபுரம் மட்டுமே எல்லாம் என்ற அமைப்பு வென்றதா என்பதே கேள்வி. ஜிஎஸ்எம் ரேடியோவும் இன்று செல்போனில் இருக்கும் 5ஜி ரேடியோவும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. ஆனாலும் செல்லுலார் தொடர்ந்து வாழ்கிறது என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சலுகையைக் கார்ட்லெஸுக்கும் கொடுப்பதுதான் முறை.

சில்லுகளின் வழியில் போனாலும் எதிர்த்தரப்பு வாதம் நிற்காது. ஜிஎஸ்எம், போகும் பேச்சுக்கும் வரும் பேச்சுக்கும் தனித்தனி அலைக்கற்றை கேட்டது. சிடி-2, டெக்ட், பிஎச்எஸ் மூன்றும் ஒரே அலைவரிசையில் நேரத்தைப் பங்கிட்டுப் போகவும் வரவும் செய்தன. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி சேவைக்கு முதுகெலும்பான 3300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இந்த நேரப் பங்கீட்டு முறையில்தான் இயங்குகிறது. ஜப்பானில் இந்தப் பரம்பரையைக் கையால் தொட்டே காட்டலாம்: பிஎச்எஸ்ஸின் அடுத்த தலைமுறையாக வில்காம் உருவாக்கிய எக்ஸ்ஜிபி, சாஃப்ட்பேங்க் குழுமத்தின் கைக்குப் போய், டிடி-எல்டிஇ எனும் 4ஜி வகையோடு ஒத்துப்போகும்படி மாற்றப்பட்டது. அலைவரிசைத் திட்டம் இல்லாமல் தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும் டெக்ட் பேஸின் குணம், 4ஜி தரநிலைக்குள் தன்னமைப்பு வலையமைப்பு என்ற பெயரில் வந்தது. எப்போது தாவுவது என்பதைக் கைப்பேசியே முடிவு செய்யும் வழக்கமும், நிபந்தனைக் கைமாற்றம் என்ற உருவில் 5ஜியின் 16-ஆம் வெளியீட்டில் இடம்பெற்றது. உரிமம் இல்லாத அலைக்கற்றையிலேயே இயங்கும் 5ஜி வகையும் அதே வெளியீட்டில் வந்ததுதான். தோற்றவரின் பழக்கங்களை வென்றவர் இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வது வழக்கமில்லை.

இதற்கு அடிப்படையான காரணம் இயற்பியலில் இருக்கிறது. 1950களிலிருந்து ரேடியோத் தொடர்பின் மொத்தக் கொள்ளளவு சுமார் பத்து லட்சம் மடங்கு பெருகியது என்பது துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு. அதில் கூடுதல் அலைக்கற்றையின் பங்கு 25 மடங்கு. அலைக்கற்றையை நுணுக்கமாகக் கூறுபோட்டதும் சிறந்த பண்பேற்ற முறைகளும் தலா 5 மடங்கு. எஞ்சிய 1600 மடங்கும் செல்லின் அளவைச் சுருக்கியதால், அதாவது ரேடியோவை ஆளுக்கு அருகில் கொண்டுவந்ததால் கிடைத்தது. அருகில் கொண்டுவா, திறனைக் குறை, அதே அலைவரிசையை அடுத்த வீட்டிலும் பயன்படுத்து என்பதே கார்ட்லெஸின் அரிச்சுவடி. பெல்கோர் ஆய்வகத்தில் டொனால்ட் காக்ஸ் போன்றவர்கள் 1980களிலேயே இதை முன்வைத்து வாதாடினார்கள். கோபுர நிறுவனங்கள் அன்று காது கொடுக்கவில்லை. பிறகு சிறு செல், வீட்டு ஃபெம்டோசெல் என்று தாங்களே அந்தப் பாதைக்கு வந்தன.

இந்தியாவில் இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி சென்னையில் நடந்தது. ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலா உள்ளிட்டோரின் டெநெட் குழுவும் சென்னை மிடாஸ் நிறுவனமும் சேர்ந்து, அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் சில்லுகளைக் கொண்டு கார்டெக்ட் என்ற அமைப்பை உருவாக்கின. டெக்ட் தரநிலையை எடுத்து, அதன் நேரக் கணிப்பைத் திருத்தி, நேர்ப்பார்வை இருந்தால் பத்து கிலோமீட்டர் வரை எட்டச் செய்தார்கள். இடைநிலைப் பேஸ் வைத்தால் 25 கிலோமீட்டர். கம்பி போகாத ஊரில் பேச்சும், நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் இணையமும் ஒரே நேரத்தில் கிடைத்தன. 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களின் இணைய மையங்கள் இதில்தான் இயங்கின. மலிவு செல்போன் வந்ததும் கார்டெக்ட் பின்தங்கியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது செய்த வேலை போய்விடவில்லை. 2023-இல் சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் வந்த ஜியோ ஏர்ஃபைபர், மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்துக் கோபுரத்திலிருந்து 5ஜி சிக்னலை வாங்கி, வீட்டுக்குள் வைஃபையாகக் கொடுக்கிறது. கூரைவரை செல்லுலார், கூரைக்குக் கீழே கார்ட்லெஸ்.

சுவர் எழுப்பியது தொழில்நுட்பம் அல்ல, உரிமம்தான் என்பதற்கு கம்பியில்லா உள்ளூர் இணைப்பு (டபிள்யூஎல்எல்) பற்றிய இந்திய வழக்கும் சாட்சி. லேண்ட்லைன் உரிமம் பெற்ற நிறுவனங்கள் குறைந்த எல்லைக்குள் நடமாடும் போன் கொடுக்கலாம் என்று 2001-இல் அனுமதி வந்தது. அந்தப் போன்கள் இயங்கிய சிடிஎம்ஏ தொழில்நுட்பம் மாநிலம் முழுக்க நடமாட வல்லது. ஆனாலும் ஒரு குறுந்தூரக் கட்டணப் பகுதியைத் தாண்டினால் போன் செயல்படாதபடி பூட்டப்பட வேண்டும் என்பது விதி. செல்போன் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2003 நவம்பரில் ஒருங்கிணைந்த உரிமம் வந்தபின் பூட்டு தேவையற்றுப் போனது.

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம், தவறான முடிவு இன்றைய கொள்கையிலும் புகுந்திருப்பதே. கார்ட்லெஸ் செத்தது, கோபுரமே போதும் என்று நம்புகிறவர்கள் 6 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை முழுவதையும் ஏலத்துக்கு விடச் சொல்கிறார்கள். அமெரிக்கா 2020 ஏப்ரலில் 5925 முதல் 7125 வரை 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் உரிமம் இல்லாப் பயன்பாட்டுக்குத் திறந்தது. இந்தியா 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதிகள் கீழ்ப்பகுதியான 500 மெகாஹெர்ட்ஸை மட்டும் அப்படித் திறக்க முன்வந்தன. அலைவெண் ஏற ஏறக் காங்கிரீட்டையும் பூச்சிட்ட கண்ணாடியையும் ஊடுருவும் ஆற்றல் குறைகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் நுழையும் அறையில் 3300 தடுமாறும். 26 கிகாஹெர்ட்ஸ் 5ஜி சுவரோடு நின்றுவிடும். செல்போனைப் பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளேயே பயன்படுத்தும் மக்களுக்கு, உள்ளே இருக்கும் ரேடியோவுக்கான இடத்தைக் கோபுரத்துக்கு விற்பது கணக்கில் பிழை. மேல்பகுதியின் எதிர்காலத்தை முடிவு செய்யும்போது இந்திய அரசு ஏல வருமானத்தோடு இதையும் எடைபோட வேண்டும்.

டெக்ட் பற்றிக் கடைசியாக ஒரு செய்தி. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2000-இல் மூன்றாம் தலைமுறைத் தரநிலைகளின் பட்டியலை வெளியிட்டபோது அதில் டெக்டும் இருந்தது. அதன் புதிய வடிவமான டெக்ட்-2020, 2022-இல் அதே ஒன்றியத்தின் 5ஜி தரநிலைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.